நாலாம் கதவில் எழுதிய குறை

பஸ் நிலையத்துப் பெண்கள் கழிப்பறையில் மொத்தம் பதினாலு கதவுகள். அந்தப் பதினாலையும் இருபத்தாறு வருஷமாகத் தேய்த்துக் கழுவி வருகிறவளைப் பளிச்சக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவள் துடைத்துவிட்டுப் போன தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பது கண்டக்டர்கள் சொல்லும் பேச்சு. நீலக் கோட்டு, தலையில் துணித் தொப்பி, கையில் ரப்பர் உறை, முழங்கால் வரை பூட்ஸ். விடியற்காலை ஐந்து மணிக்கு வாளியும் சுரண்டியுமாக உள்ளே நுழைந்தால் மாலை நாலு மணிக்குத்தான் கோட்டைக் கழற்றுவாள்.

அவளுடைய அம்மா ஐந்து அக்கா தங்கைகளில் மூன்றாவது. ஐந்து பேருக்கும் சேர்த்துப் பத்தொன்பது பிள்ளைகள். அதில் பதினொன்றாவது இவள். பத்தொன்பதில் ஒருத்தர்கூட மெதுவாகப் பேசிப் பழகியவர்கள் இல்லை. ஆனால் வாய்த்த புருஷன் கண்ணாடி வெட்டுகிற கடையில் வேலை பார்க்கிறவர், சத்தமாகப் பேசினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்பது போல வாயைத் திறப்பார். அந்தக் குறையைத் தீர்க்கவோ என்னவோ அவருடைய கடைசித் தங்கை பிறந்தாள். அவளும் அதே பஸ் நிலையத்தில்தான் வேலை. மாடி அறையில் உட்கார்ந்து, எந்த பஸ் எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்லுகிறவள். மைக் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒலிபெருக்கியில் தேன், வீட்டில் தேள்.

பளிச்சக்காவுக்கு ஒரு வருஷமாக மனசுக்குள் ஒரு முள். புதன்கிழமைதோறும் பத்து நாற்பது பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்குவாள். முப்பது வயசு இருக்கும். கூடவே புருஷன். வேறு ஊரில் இருக்கும் அவனுடைய அம்மா வீட்டுக்குப் போய்ச் சமைத்து, துவைத்து, பெருக்கி வைத்துவிட்டு மறுநாள் திரும்ப வேண்டும். அதற்கு இங்கே பஸ் மாற வேண்டும். அடுத்த பஸ் பதினொன்று ஐந்துக்கு. இடையில் கிடைக்கிற நேரத்தில் அவள் கழிப்பறைக்கு வருவாள். அவன் வாசல் தூண் பக்கத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். சலவைச் சட்டை, படிய வாரிய தலை, பத்திரிகைக் கடைக்காரரிடம்கூட நன்றி சொல்லித்தான் மீதிச் சில்லறை வாங்குவான். ஆறு நிமிஷம் ஆனால் மெல்லிய குரலில் கூப்பிடுவான். அந்தக் குரலுக்கு அவள் ஈரக் கையைத் துடைக்காமல் ஓடுவாள். வெளியே வந்ததும் அவளுடைய பையை வாங்கி ஒருதரம் உள்ளே கையை விட்டுத் துழாவுவான். ஒரு நாள் பெஞ்சின் மேலேயே பையைக் கவிழ்த்தான். சீப்பு, கைக்குட்டை, தலைவலி மாத்திரை. அவ்வளவுதான் விழுந்தது. பளிச்சக்கா மாப்புக் கட்டையோடு நின்று அதைப் பார்த்தாள்.

புதன்கிழமைக்காரி எப்போதும் நாலாம் கதவுக்குத்தான் போவாள். ஒரு புதன் அவள் முகம் கழுவும்போது கழுத்துப் பக்கம் நீலம் பாரித்திருந்தது. என்னம்மா இது என்று கேட்டதற்குக் கதவு இடித்துவிட்டது என்றாள். பளிச்சக்கா வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷமாகக் கதவுகளோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா, எந்தக் கதவும் இடித்த இடத்தில் நாலு விரல் அடையாளம் வைக்காது என்று?

அவள் வாயடைத்துப் போனதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவளுடைய பெரியம்மா மகள் ஒருத்தி, முறைக்கு அக்கா, கட்டிய நாளிலிருந்து அடி வாங்கினவள். குடும்பத்தில் ஒரு கல்யாணம் காட்சி என்றால் அவள் முகத்தில் ஏதாவது ஒரு வீக்கம் இருக்கும். பத்தொன்பது பேரில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒரு தடவை அவள் அழுதுகொண்டு வந்தபோது, பொறுத்துப்போக்கா, பிள்ளைங்க முகத்தைப் பாரு என்று சொல்லிச் சாப்பாடு போட்டு அனுப்பி வைத்தது இதே பளிச்சக்காதான். அந்த அக்காவுக்கு இன்றைக்கு ஒரு காது சுத்தமாகக் கேட்காது. பேசுகிறவர்கள் இடது பக்கம் வந்து உட்கார வேண்டும்.

அப்படியிருக்க ஒரு நாள் ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பெண்கள் மீது நடக்கும் வன்முறைக்கு எதிரான இயக்கத்துக்குத் தொண்டர்கள் தேவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தொண்டர் என்றால் கட்சிக்கா என்று கடைப் பெண்ணிடம் கேட்டாள். கட்சி இல்லை, கொடி இல்லை, மாடியில்தான் கூட்டம், போய்ப் பாருங்கள் என்றாள் கடைப் பெண்.

இருபத்திரண்டு படி ஏறினால் ஒரு நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றும்போது டக் டக்கென்று சொடுக்குப் போடும் மின்விசிறி. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்சம்மாதான் தலைமை. சுற்றிலும் கல்லூரிப் பெண்கள், ஆண் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பள்ளிக்கூட டீச்சர். வந்தவர்களிடமெல்லாம் உங்களால் என்ன செய்ய முடியும் என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பாட்டு எழுதுவாளாம். ஒருத்தன் படம் எடுப்பானாம். பளிச்சக்காவின் முறை வந்தது. மேடையில் பேசத் தெரியுமா? தெரியாது. கம்ப்யூட்டர்? தெரியாது. நாடகம்? சின்ன வயசில்கூட நடித்ததில்லை. குறிக்கிற பெண் பேனாவை வைத்துக்கொண்டு விழித்தாள்.

“எனக்குப் பதினாலு கதவு இருக்குங்கம்மா,” என்றாள் பளிச்சக்கா.

யாருக்கும் புரியவில்லை. அப்புறம் அவளே விளக்கினாள். நீங்கள் தெருவில் ஒட்டுகிற சுவரொட்டி முன்னால் எந்தப் பெண் நின்று படிப்பாள்? பக்கத்திலேயே அவன் நிற்பானே. போனை அவன் பார்ப்பான், பையை அவன் பார்ப்பான். ஆனால் எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் என் வாசலோடு நின்றுதான் ஆக வேண்டும். உள்ளே போய்த் தாழ் போட்டால் அவளும் கதவும்தான். சாமி சத்தியமாக அந்த நாலடி இடத்தில்தான் அவளுக்கு மூச்சு வருகிறது.

பிறகு நர்சம்மா எழுந்து வந்து, தன் நாற்காலியை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு வருஷமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த இடம் இது என்றார்.

நாலு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. பளிச்சக்கா ஒன்றைக்கூட விடவில்லை. நர்சம்மா சொல்லிக் கொடுத்தது மூன்று. ஏன் இத்தனை நாள் அவனோடு இருந்தாய் என்று கேட்காதே. அவள் முடிவு செய்வதற்கு முன்னால் நீ ஒன்றும் செய்யாதே. அவனோடு சண்டைக்குப் போகாதே, அந்தக் கோபமும் அவள் முதுகில்தான் இறங்கும். முதல் இரண்டும் தலையில் ஏறிவிட்டன. மூன்றாவதுதான் ஏறவில்லை. மாப்புக் கட்டை அதற்குத் தோதான நீளம் என்று அவள் சொல்ல, பிள்ளைகள் சிரித்துப் புரண்டார்கள். நடித்துப் பழகும்போது கல்லூரிப் பையன் புருஷனாக வந்து கத்தினான். பளிச்சக்கா எழுந்தாள். அப்படி இல்லைப்பா என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்து, மெல்லிய குரலில், “நேரமாச்சு, வா,” என்றாள். அடுத்த தடவை அந்தப் பையன் கத்தவில்லை.

வீட்டில் செய்தி சொன்னபோது கண்ணாடிக்காரர் சரி என்றார். அவர் சரி என்றால் அது பெரிய பேச்சு. மைக் விடுவாளா? ஊர்க் கதவையெல்லாம் துடைத்தாயிற்று, இனி ஊர்க் குடித்தனத்தையும் துடைக்கப் போகிறீர்களா அண்ணி, கோட்டுக்கு மேல் மாலை போடுவார்களா என்று ஆரம்பித்து அரை மணி நேரம் நிறுத்தவில்லை. பளிச்சக்கா அசரவில்லை. அவள் கால் தரையில் பாவவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை ஸ்டிக்கர்கள் வந்தன. உள்ளங்கை அகலம், மஞ்சள் நிறம், நடுவில் உதவி எண். அன்றைக்கு வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு கதவுக்குள்ளும் போய், தாழ் போட்டு, தானே உட்கார்ந்து, கண்ணுக்கு நேராக எந்த உயரம் வருகிறதென்று அளந்து பார்த்து ஒட்டினாள். பதினாலு தரம் உட்கார்ந்து பதினாலு தரம் எழுந்தாள். நாலாம் கதவில் ஒட்டியதைக் கட்டைவிரலால் மூலைக்கு மூலை அழுத்தினாள். நாளைக்குப் புதன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாயில் ஏதோ பாட்டு.

மறுநாள் காலை ஐந்து மணி. வாளியில் சோப்புத் தண்ணீர், கையில் சுரண்டி. இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தில் கழிப்பறைக் கதவில் எந்தத் தாள் இருந்தாலும் சுரண்டிவிட வேண்டும் என்பது சட்டம். வாடகைக்கு வீடு, மூட்டுவலிக்குத் தைலம், இரண்டே வாரத்தில் ஆங்கிலம், எதுவானாலும் சரி. இருபத்தாறு வருஷம் சுரண்டிய கை அது. மனசு பத்து நாற்பது பஸ்ஸை நினைத்துக்கொண்டிருக்க, கை பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. சர், சர், சர். பதிமூன்றாவது கதவில் சுரண்டியின் நுனியில் சுருண்டு நின்ற மஞ்சள் துண்டில் இரண்டு எண்கள் தெரிந்தன. பளிச்சக்கா வாளிக்குள் பார்த்தாள். பன்னிரண்டு ஸ்டிக்கரும் நுரையில் ஊறிக் கிடந்தன.

வேலியே பயிரை மேய்ந்த கதை. மிச்சம் இருந்தது பதினாலாம் கதவில் ஒன்றுதான். அதைப் பிய்த்து நாலாம் கதவுக்கு மாற்றலாம் என்றால் வரும்போதே இரண்டாகக் கிழிந்தது. பத்து நாற்பதுக்குப் புதன்கிழமைக்காரி வந்தாள், பளபளவென்று இருந்த நாலாம் கதவுக்குள் போனாள், மெல்லிய குரல் கூப்பிட்டது, ஓடினாள். ஒரு வாரம் போயிற்று.

சேதி கேட்ட மைக், மேடை ஐந்தில் நிற்கும் பஸ்ஸைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒலிபெருக்கியை அணைக்காமலே சிரித்துவிட்டாள். நிலையம் முழுக்க அவள் சிரிப்பு எதிரொலித்தது. பயணிகள் தங்கள் பஸ்ஸுக்கு என்ன ஆயிற்றோ என்று அண்ணாந்து பார்த்தார்கள். மதியம் அவள் கீழே இறங்கி வந்தபோது பளிச்சக்கா சாமான் அறையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. தன்னுடைய அக்காவின் காதைப் பற்றியும், தான் சொன்ன வார்த்தையைப் பற்றியும் அன்றைக்குத்தான் முதல்முதலாக இன்னொருத்தரிடம் சொன்னாள். மைக் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் குறுக்கே பேசாமல் இருந்தது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

“சிரிச்சது தப்புதான் அண்ணி,” என்றாள் கடைசியில். “அடுத்த புதனுக்கு என்ன செய்யப் போறோம், அதைச் சொல்லுங்க.”

முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்று இரண்டு பேரும் நிலைய அதிகாரியிடம் போனார்கள். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கதவில் எதுவும் ஒட்டக் கூடாது. ஒன்றே ஒன்றைத் தவிர. கதவுக்குப் பின்னால் தொங்குமே, எந்த மணிக்குச் சுத்தம் செய்தோம் என்று நாம் கையெழுத்துப் போடுகிற தாள், அது மட்டும் இருக்கலாம். மணி, கையெழுத்து, குறை என்று மூன்று கட்டம் உள்ள தாள். தண்ணீர் வரவில்லை, தாழ்ப்பாள் உடைந்தது என்று வருகிறவர்கள் குறைக் கட்டத்தில் எழுதலாம். யாரும் எழுதியதில்லை.

அந்தத் தாளை யார் அச்சடிக்கிறது என்று பளிச்சக்கா கேட்டாள். தீர்ந்தால் நீங்கள்தானே ஜெராக்ஸ் எடுத்து வைக்கிறீர்கள் என்றார் அவர். அடியில் கொஞ்சம் இடம் சும்மா கிடக்கிறதே என்றாள் இவள். அதிகாரி அவளைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், பிறகு ஜன்னல் வழியாக பஸ்களைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் பிறந்தது மூன்று தங்கைகள்.

“தாள்ல கையெழுத்து இருக்கான்னுதான் நான் பார்ப்பேன். அடியில பொடி எழுத்து இருந்தா எனக்குத் தெரியாது. கண்ணாடி மாத்தணும், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டே இருக்கேன்.”

படியிறங்கும்போது அண்ணியும் நாத்தனாரும் கையைக் கோத்துக்கொண்டு இறங்கினார்கள். அதைப் பார்த்த கண்டக்டர்கள் மழை வரும் என்றார்கள்.

கல்லூரிப் பிள்ளைகள் ஒரே நாளில் புதுத் தாள் தயார் செய்தார்கள். மேலே மூன்று கட்டம். அடியில், வீட்டில் அடி உதை மிரட்டலா, இந்த எண்ணில் பேசுங்கள், முடிவு உங்களுடையது என்று இருந்தது. கண்ணாடிக்காரர் யாரும் சொல்லாமலே கடையில் மிஞ்சிய பலகையை அறுத்துப் பதினாலு அட்டை செய்து, கிளிப் மாட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலை நூலில் கட்டிக் கொண்டுவந்து வைத்தார்.

அடுத்த புதன் நாலாம் கதவு ஐந்து நிமிஷம் திறக்கவில்லை. அவள் போன பிறகு பளிச்சக்கா உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொண்டு தாளைப் பார்த்தாள். குறைக் கட்டத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பென்சில் எழுத்து.

என் போன் அவரிடம்தான் இருக்கும். இந்த எண்ணில் பேச எனக்கு வழியில்லை.

பளிச்சக்கா தாளைக் கழற்றிக்கொண்டு பூட்ஸ் காலோடு மாடிப்படியைத் தாவி ஏறினாள். மைக் அறையில் இரண்டு தலையும் அந்தத் தாளுக்கு மேல் முட்டிக்கொண்டன. நர்சம்மாவுக்குப் போன் போட்டார்கள். பேச வழியில்லை என்றால் எழுதத்தான் வழி கிடைத்துவிட்டதே என்றார் நர்சம்மா. பளிச்சக்கா அன்றைக்கு எழுதினது போலத் தன் ஆயுசில் எழுதியதில்லை. கோழி கிளறின மாதிரி பெரிய பெரிய எழுத்து. நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்று தாள் கிழித்து, நாலாவதில் சரியாக வந்தது. இங்கேயே எழுதுங்கள். நானும் நர்சம்மாவும் என் நாத்தனாரும்தான் படிப்போம். என்ன செய்யலாம் என்று நீங்கள் சொல்லுங்கள்.

அதற்கடுத்த புதன் பதில் வந்தது. போலீசுக்கு ஒரு தடவை போயிருக்கிறாள். சமாதானம் பேசி அவனோடேயே அனுப்பிவிட்டார்கள். அவள் ரத்தம் பரிசோதிக்கிற லேபில் வேலை பார்த்தவள். சான்றிதழ் எல்லாம் அந்த வீட்டு அலமாரியில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வந்தால் மறுபடி நான் யாரிடம் போய் நிற்பேன் என்று எழுதியிருந்தாள்.

அந்தத் தாளைப் பளிச்சக்கா எடுக்கப் போவதற்குள் ஒரு கூத்து நடந்தது. அவள் வேறு பக்கம் போயிருந்த நேரத்தில் மதிய வேளை வேலைக்காரி, தாள்களை ஒப்படைக்கிற வாரக் கடைசி என்று நினைத்துக்கொண்டு பதினாலு தாளையும் கழற்றி நிலைய அதிகாரியின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். பளிச்சக்கா விழுந்தடித்துக்கொண்டு ஓடுவதற்குள் அதிகாரி கூப்பிட்டார். நாலாம் கதவுத் தாள் மட்டும் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. படித்தாரா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் குறையை நீங்களே சரி பண்ணிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன் என்று மட்டும் சொல்லி அவள் கையில் கொடுத்தார்.

ஒவ்வொன்றாகக் கொண்டு வாருங்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்கும், அதில் போடுங்கள் என்று பதில் எழுதினார்கள். அவன் பையைத்தான் துழாவுவான். அவள் இடுப்பில் மடித்துச் செருகிக் கொண்டுவந்தாள். ஒரு புதன் பள்ளிச் சான்றிதழ். அடுத்த புதன் லேப் படிப்புச் சான்றிதழ். அதற்கடுத்து அடையாள அட்டை. பிறகு பிறப்புச் சான்றிதழ். ஒவ்வொரு தாளையும் பளிச்சக்கா இஸ்திரி போட்ட மாதிரி கையால் நீவி, கழுவிக் காயவைத்த பிளீச்சிங் பவுடர் டின்னுக்குள் வைத்துச் சாமான் அறையில் பூட்டினாள். காலையில் எழுந்தால் அன்றைக்கு என்ன கிழமை என்பதுதான் முதல் நினைப்பு. வயிற்றில் ரகசியம் தங்காத குடும்பம் அது. பத்தொன்பது பேரில் ஒருத்தருக்கும் மூச்சு விடவில்லை என்றால் அவள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு கல்யாண வீட்டில் வாயில் கையை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த வாரத் தாளில் ஒரே வரி. அடுத்த புதன் வந்துவிடுகிறேன், இனி முடியாது. முடிவு உங்களுடையதுதானா என்று நர்சம்மா கேட்கச் சொல்வதற்கு வேலை வைக்காமல் அவளே அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாள்.

தங்க இடம் தயார். பஸ் கழுவுகிற முற்றத்தில் கார் வந்து நிற்கும். ஆனால் கழிப்பறைக்கு ஒரே வாசல். அந்த வாசலில் அவன் நிற்பான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒரு யோசனை. கூட்டமாகப் போய் மறைத்துக்கொண்டு அழைத்து வரலாமா? ஒலிபெருக்கியில் அவனை வேறு பக்கம் அனுப்பலாமா? அவன் அசைய மாட்டானே என்றாள் மைக். அப்போது பளிச்சக்கா மெதுவாகச் சொன்னாள்.

“போன மாசம் ஒரு வியாழன் சாயந்தரம், அவங்க திரும்பிப் போறப்ப, கடைத்தெருவுல அந்த ஆளு என் எதிர்லதான் வந்தான். நேருக்கு நேரா பார்த்தான். யாருன்னே தெரியல. ஒரு வருஷமா வாரா வாரம் அவன் கால்கிட்ட மாப்பு போடறேன். அவனுக்கு நீலக் கோட்டுதான் தெரியும், உள்ள இருக்கிற ஆளைத் தெரியாது.”

சொல்லி முடிப்பதற்குள் நர்சம்மா எழுந்து நின்றுவிட்டார்.

புதன் வந்தது. நாலாம் கதவுக்குள் இன்னொரு நீலக் கோட்டு, தொப்பி, முகத்துணி, கையுறை, பூட்ஸ் எல்லாம் ஒரு கொக்கியில் தயார். தாளில் பளிச்சக்கா எழுதி வைத்தது: நிமிர வேண்டாம். அவசரப்பட வேண்டாம். வாளி வைத்த தள்ளுவண்டி வலது பக்கம் ஓடும், இடது பக்கம் இழுத்துப் பிடிக்கவும்.

பத்து நாற்பது ஆயிற்று. பஸ் வரவில்லை. பத்து நாற்பத்தைந்து. பளிச்சக்கா ஒரே இடத்தை ஏழாவது தடவை துடைத்தாள். ஒலிபெருக்கியில் மைக்கின் குரல், வடக்கேயிருந்து வரும் பஸ் பன்னிரண்டு நிமிஷம் தாமதம் என்றது. எப்போதும் ஒருதரம் சொல்லுகிறவள் அன்றைக்கு அதை மூன்று தரம் சொன்னாள். ஒருவழியாக பஸ் வந்தது. அவனே முன்னால் வந்தான். நேரமில்லை, நாலே நிமிஷம் என்று சொல்லி அவளை உள்ளே அனுப்பினான்.

கதவு திறந்தபோது கோட்டைப் போட்டிருந்தாள், ஆனால் ஒரு பொத்தானும் அதனதன் துளையில் இல்லை. பளிச்சக்கா மண்டி போட்டு, கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு பொத்தானாக மாட்டினாள். முடியைத் தொப்பிக்குள் தள்ளினாள். அவளுடைய செருப்பும் பையும் வாளிக்குள் போயின. டின்னிலிருந்த சான்றிதழ்கள் முன்பே காருக்குப் போயாயிற்று. வண்டிக் கைப்பிடியில் அவள் இரண்டு கையையும் எடுத்து வைத்துவிட்டு, முதுகில் ஒரு தட்டு. போ.

முகம் கழுவும் இடத்துக் கண்ணாடியில் வாசல் தெரியும். பளிச்சக்கா அதைத் துடைக்கிற மாதிரி நின்று பார்த்தாள். வண்டி போயிற்று. சக்கரம் வலது பக்கம் இழுத்தது, அவள் இடது பக்கம் பிடித்தாள். வாசலில் சரியாக அவன் காலுக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. அவன் ஒரு காலை நீட்டித் தூணில் சாய்ந்திருந்தான். தரையில் அவன் பை.

அவன் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே காலை உள்ளே இழுத்துக்கொண்டான். ஈரம் படாமல் பையையும் தூக்கிக்கொண்டான்.

“பார்த்துப் போம்மா,” என்றான்.

வண்டி போயிற்று. பத்திரிகைக் கடையைத் தாண்டியது. மூன்றாம் மேடையைத் தாண்டியது. நீலக் கோட்டு ஓடவில்லை, நிமிரவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கழுவுகிற முற்றத்தின் திருப்பத்தில் மறைந்தது. பளிச்சக்கா கண்ணாடியைத் துடைத்தாள், துடைத்தாள், அதில் தேய்மானம் விழுகிற அளவுக்குத் துடைத்தாள். ஒலிபெருக்கி கரகரத்தது. பயணிகள் கவனத்துக்கு, தொலைந்துபோன நீலக் குடை உரியவரிடம் நல்லபடியாகச் சேர்ந்துவிட்டது என்றது. முற்றத்தைப் பார்த்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் மைக்குக்குக் கார் கிளம்பியது தெரிந்துவிட்டது என்று அர்த்தம். தொலையாத குடைக்கு நிலையத்தில் யாரும் கவலைப்படவில்லை. பளிச்சக்கா மட்டும் மாப்புக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தாள். ஐம்பத்து மூன்று வயசில், பூட்ஸோடு, மூன்று குதி.

நாலு நிமிஷம் கழித்து மெல்லிய குரல் வந்தது. ஏழு நிமிஷம் கழித்து அந்தக் குரல் மெல்லியதாக இல்லை. பளிச்சக்கா வெளியே வந்து, உள்ளே யாரும் இல்லையே என்றாள். அவன் அவளைத் தள்ளிக்கொண்டு நுழையப் பார்த்தான். அவளுக்கு மாப்புக் கட்டையின் நீளம் ஞாபகம் வந்தது. நர்சம்மாவின் மூன்றாவது பாடமும் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அதிகாரி வந்தார். ஆண்கள் உள்ளே போகக் கூடாது என்றார், பெண் காவலாளியை அழைத்துப் பதினாலு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டச் சொன்னார். எல்லாம் பளிச்சென்று காலி. மனைவியைக் காணோம் என்று அவன் புகார் கொடுக்கப் போன இடத்தில், நான் வயது வந்தவள், என் விருப்பத்தில்தான் போகிறேன் என்று அவள் கையெழுத்திட்ட கடிதம் வழக்கறிஞர் மூலம் அவனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. பதினொன்று ஐந்து பஸ் அவனை விட்டுவிட்டுப் போயிற்று.

நாலு மணிக்குக் கோட்டைக் கழற்றும்போது நர்சம்மாவின் போன். மைக்கும் காதைக் கொண்டுவந்து ஒட்டினாள். பெண் பத்திரமாக வந்து சேர்ந்தாள், சாப்பிட்டாள், கொஞ்சம் அழுதாள் என்றார். குளிக்கிறேன் என்று கேட்டாளாம். தாராளமாகக் குளி என்று துண்டு கொடுத்தார்களாம். போனவள் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. இங்கே பிள்ளைகள் பயந்துபோய்க் கதவைத் தட்டப் போனார்கள், நான்தான் தட்டாதீர்கள் என்று தடுத்தேன், உள்ளேயிருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது, நடுவில் ஏதோ பாடுகிறாள் போலிருக்கிறது என்றார்.

“தட்டாதீங்கம்மா,” என்றாள் பளிச்சக்கா. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. “தொட்டித் தண்ணி மொத்தமும் தீரட்டும். தீர்ந்தா நான் வந்து நிரப்பித் தரேன்.”